சீனியர் சொன்னதும் ரெகுலேஷன் சொல்வதும்

போடி மேற்கு மலையின் அடிவாரத்தில் இருக்கும் பொட்டிபுரத்தின் பெயர் 2015 ஜனவரியில் நாடு முழுக்க அடிபட்டது. ஊரை ஒட்டிய மலையை ஏறத்தாழ 2 கிலோமீட்டர் குடைந்து உள்ளே நியூட்ரினோ என்னும் நுண்துகளை ஆராயும் ஆய்வகம் அமைக்க, சுமார் 1,500 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது அந்த மாதத்தில்தான். ஊருக்குள் பேச்சு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. பாறையை வெடி வைத்து உடைத்தால் ஊற்று வற்றாதா, மலைத்தொடர் தாங்குமா என்பது ஒரு பேச்சு. அதில் நியாயம் இருந்தது. உயர் நீதிமன்றத்துக்கும் பசுமைத் தீர்ப்பாயத்துக்கும் போன கேள்வி அது. 2022இல் இத்திட்டத்துக்கு அனுமதி தர இயலாது என்று தமிழ்நாடு அரசே உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. நியூட்ரினோ பட்டால் பயிர் கருகும், ஆள் சாவார் என்பது இன்னொரு பேச்சு. இதில் உண்மை இல்லை. சூரியனிலிருந்து மட்டும் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பை நொடிக்குச் சுமார் 6,500 கோடி நியூட்ரினோக்கள் கடந்துபோகின்றன. ஏலச்செடியையும் அதை நட்டவரையும் அவை எந்நேரமும் ஊடுருவிக்கொண்டுதான் இருக்கின்றன.

நியாயமான கேள்வியும் ஆதாரமில்லாத பயமும் ஒரே மூச்சில் பேசப்பட்டன. பிரித்துச் சொல்லும் ஆள் பக்கத்தில் இல்லாத இடத்தில் அப்படித்தான் நடக்கும். இதே மலைச்சரிவிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் கல்லூரிப் படியேறும் பிள்ளைகள் விஷயத்திலும் அதுதான் நடக்கிறது. விடிவதற்குள் ஜீப் ஏறி, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்குப் போகிற அம்மாவிடமும் அப்பாவிடமும் 'கிரெடிட்' என்றால் என்ன, 'இன்டர்னல்' எதற்கு என்று கேட்க முடியாது. கேட்க முடிகிற ஒரே ஆள் சீனியர். முதலாண்டு மாணவர்கள் பட்டம் வரை சுமந்துபோகிற பல நம்பிக்கைகள் அங்கிருந்துதான் புறப்படுகின்றன. அவற்றில் சிலவற்றை விதிகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பது இந்தக் கட்டுரையின் வேலை.

"இன்டர்னல்ல என்ன இருக்கு, செமஸ்டர்ல பாத்துக்கலாம்"

சொல்கிற சீனியர் பொய் சொல்லவில்லை. அவர் சேர்ந்த ஆண்டில் அது ஓரளவு உண்மையாகவே இருந்திருக்கலாம். அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் 2017ஆம் ஆண்டு ரெகுலேஷன், அதாவது பல்கலைக்கழக விதித்தொகுப்பின்படி எழுத்துத் தாளுக்கு இன்டர்னல் 20, செமஸ்டர் தேர்வு 80. அடுத்து வந்த 2021 ரெகுலேஷனில் அது 40, 60 என்று மாறியது. இன்டர்னலின் எடை ஒரேயடியாக இரண்டு மடங்கானது. ஆனால் விடுதி அறையில் கைமாறிவரும் அறிவுரை பழைய எடையிலேயே நின்றுவிடுகிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இதன் வலி தெரியும். 2021 ரெகுலேஷன்படி தேர்ச்சிக்கு இரண்டு நிபந்தனைகள். செமஸ்டர் தேர்வில் குறைந்தது 45 சதவீதம் வேண்டும். இரண்டும் சேர்ந்து 50 சதவீதம் வேண்டும். இன்டர்னலில் 40க்கு 23 எடுத்துவிட்ட மாணவிக்குச் செமஸ்டர் தாளில் நூற்றுக்கு 45 போதும். இன்டர்னலில் 15 மட்டும் வைத்திருக்கும் மாணவர் அதே தாளில் 59 எடுத்தாக வேண்டும். தாள் ஒன்றுதான், திருத்துபவரும் ஒருவர்தான், ஆனால் ஏற வேண்டிய உயரம் வேறு. முதல் இன்டர்னல் தேர்வு கல்லூரி திறந்த சில வாரங்களில் வந்துவிடுகிறது. விடுதிச் சாப்பாடு பழகுவதற்கு முன்பே அந்த உயரம் தீர்மானமாகத் தொடங்கிவிடுகிறது.

ஆகவே முதலாண்டு மாணவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, தான் எந்த ஆண்டு ரெகுலேஷனின் கீழ் சேர்ந்திருக்கிறோம் என்பது. 2008, 2013, 2017, 2021 என்று சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அது மாறிக்கொண்டே வந்திருக்கிறது. தன்னாட்சிக் கல்லூரி என்றால் அதற்கெனத் தனி விதிகள். கலை அறிவியல் கல்லூரிகளின் கணக்கு வேறு. பரவலாக அங்கே இன்டர்னல் 25, பல்கலைக்கழகத் தேர்வு 75. போடியில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தோடு இணைந்த ஏல விவசாயிகள் சங்கக் கல்லூரி இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்து 2012இல் தொடங்கிய அரசு பொறியியல் கல்லூரியும் இருக்கிறது. ஒரே தெருவில் குடியிருக்கும் இரண்டு மாணவர்கள் இரண்டு கல்லூரிகளுக்கும் போகலாம். ஒருவருடைய விதி மற்றவருக்குப் பொருந்தாது. ரெகுலேஷன் ரகசியப் புத்தகமும் இல்லை. பல்கலைக்கழக இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு மாலைப்பொழுதில் படித்துவிடலாம்.

"அட்வைசர்னா லீவ் லெட்டர்ல கையெழுத்துப் போடுறவர்"

ரெகுலேஷன் புத்தகத்தைப் புரட்டினால் பலருக்கு வியப்பளிக்கும் ஒரு பத்தி கண்ணில் படும். ஒவ்வொரு மாணவரையும் ஓர் ஆசிரியரின் பொறுப்பில் துறைத் தலைவர் ஒப்படைக்க வேண்டும் என்கிறது அண்ணா பல்கலைக்கழக ரெகுலேஷன். பாடங்களைத் திட்டமிட உதவுவதும் படிப்பு தொடர்பாகப் பொதுவான ஆலோசனை சொல்வதும் அந்த ஆசிரியரின் வேலை. படிப்பு முடியும்வரை அந்தப் பொறுப்பு தொடரும். அதாவது வழிகாட்டல் ஆசிரியரின் இரக்கத்தால் கிடைக்கிற உதவி அல்ல, விதி அவருக்குக் கொடுத்திருக்கும் கடமை. கல்லூரிக்குத் தர மதிப்பீடு செய்ய வரும் நாக் குழுவும் ஓர் ஆசிரியருக்கு எத்தனை மாணவர் என்ற வழிகாட்டி விகிதத்தைக் கேட்கிறது.

நடைமுறையில் என்ன ஆகிறது? கலைக் கல்லூரியில் 'டியூட்டர்', பொறியியல் கல்லூரியில் 'கிளாஸ் அட்வைசர்' என்று பெயர் மட்டும் நிலைத்து, அவரைப் பார்க்கப் போவது தண்டனைபோல ஆகிவிட்டது. பெயில் ஆனவர், சண்டை போட்டவர், பெற்றோரைக் கூட்டிவரச் சொல்லப்பட்டவர் ஆகியோர்தான் அந்த மேஜை முன்னால் நிற்பார்கள் என்ற எண்ணம் முதல் மாதத்திலேயே ஊன்றிவிடுகிறது. 'சாருக்கு ஆயிரம் வேலை, நாம போய் என்னத்தக் கேக்குறது?' என்கிற கூச்சம், வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளைகளிடம்தான் அதிகம். கேட்கும் பழக்கம் உள்ள வீட்டுப் பிள்ளை கேட்டுத் தெரிந்துகொள்கிறது. கேள்வி அதிகம் இருக்கிற பிள்ளை கேட்காமலே திரும்பிப் போகிறது. இந்த நிலைமையை மாணவரின் கூச்சம் என்று சொல்லி விட்டுவிடக் கூடாது. முதல் மாதத்திலேயே ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேச வேண்டியது ஆசிரியர்தான்.

வகுப்புக் குழு என்று இன்னொன்று உண்டு. அந்த வகுப்புக்குப் பாடம் எடுக்காத ஓர் ஆசிரியர்தான் அதற்குத் தலைவர். பாடம் எடுக்கும் ஆசிரியர்களும் மாணவர் பிரதிநிதிகளும் உறுப்பினர்கள். பாடம் வேகமாக ஓடுகிறது, புரியவில்லை என்று முறையாகச் சொல்வதற்கான இடம் அது. பிரதிநிதி யார் என்றே பல வகுப்புகளுக்குத் தெரிவதில்லை.

"எழுபத்தஞ்சு இல்லைன்னா மெடிக்கல் சர்டிபிகேட் குடுத்துக்கலாம்"

ஏலக்காய் அறுவடை ஆடி, ஆவணியில் சூடுபிடித்துத் தைக்கு அப்பாலும் நீள்கிறது. முதல் செமஸ்டரும் அதே மாதங்களில்தான் நடக்கிறது. காய் எடுக்க ஆள் பற்றாமல் போகும்போது, வீட்டில் கடன் நெருக்கும்போது, இரண்டு நாள் கூலிக்காகக் கல்லூரியை விட்டு ஜீப் ஏறுவது இந்த ஊரில் யாருக்கும் புதிதல்ல. அந்த இரண்டு நாள் மாதத்துக்கு ஐந்து நாளாகிறது.

விதி இப்படி இருக்கிறது: வருகை 75 சதவீதம் வேண்டும். 65க்கும் 75க்கும் இடையில் இருந்தால் மருத்துவக் காரணம், விளையாட்டுப் போட்டி போன்றவற்றைக் காட்டி, கண்டோனேஷன் (வருகைக் குறைவுக்கு விலக்கு) பெற்றுத் தேர்வு எழுதலாம். 65க்குக் கீழே போனால் எந்தச் சான்றிதழும் உதவாது. தேர்வு எழுத முடியாது. அடுத்த செமஸ்டருக்கும் போக முடியாது. அடுத்த கல்வியாண்டில் அதே செமஸ்டரைத் திரும்பப் படிக்க வேண்டும். தோட்டத்தில் சம்பாதித்த கூலி ஓர் ஆண்டை விழுங்கிவிடும்.

கூலிக்குப் போவதைக் குற்றமாகப் பேசுவதில் அர்த்தமில்லை. 70ஐத் தொடுவதற்கு முன்பே டியூட்டரிடம் வீட்டு நிலைமையைச் சொல்லிவிட்டால், சனிக்கிழமை போவதா, எந்த வாரம் இன்டர்னல் தேர்வு, எந்தப் பாடத்தில் இடைவெளி விழுந்தது என்று சேர்ந்து கணக்குப் போட முடியும். 64இல் வந்து நின்றால் அவராலும் ஒன்றும் செய்ய முடியாது.

"ஒரு அரியர் விழுந்தா எல்லாம் போச்சு"

எதிர்த் திசையிலும் ஒரு நம்பிக்கை ஓடுகிறது: "அரியர் இல்லாதவன் இன்ஜினியரே இல்ல." இரண்டும் தவறு. 2021 ரெகுலேஷனில், சிறப்புத் தகுதியுடன் கூடிய முதல் வகுப்புக்குத்தான் எல்லாத் தாளையும் முதல் முயற்சியிலேயே தேறியிருக்க வேண்டும். சாதாரண முதல் வகுப்புக்கு அந்த நிபந்தனை கிடையாது. உரிய காலத்துக்குள் முடித்து, சராசரி 6.5 இருந்தால் போதும். முதல் செமஸ்டர் கணிதத்தில் விழுந்த பெண் முதல் வகுப்பில் பட்டம் வாங்கலாம். அதே சமயம், சேர்த்துவைத்தால் அரியர் பெருகும். அரியர் தேர்வு வரும் அதே வாரங்களில்தான் நடப்புப் பாடங்களின் தேர்வும் வரும். வளாகத் தேர்வுக்கு வரும் நிறுவனங்களில் சில நிலுவை அரியர் இருப்பவர்களை முதல் சுற்றிலேயே நிறுத்திவிடுகின்றன.

ஒரு கிரெடிட் பாடம்தானே என்று 'தமிழர் மரபு', 'தமிழரும் தொழில்நுட்பமும்' தாள்களை ஓரங்கட்டுவதும் இந்தக் கணக்கில்தான் சேரும். ஒரு கிரெடிட் குறைந்தாலும் பட்டம் இல்லை.

"காலேஜுக்குப் போனா இங்கிலீஷ் மீடியம்தான் மதிப்பு"

இதில் என்ன இழப்பு என்பதைச் சேர்க்கைக்கு முன்பே யாராவது சொல்லியிருக்க வேண்டும். தமிழ்நாட்டில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசுப் பணிகளில் 20 சதவீத முன்னுரிமை தரும் சட்டம் 2010இல் வந்தது. 2020இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, வேலைக்குரிய கல்வித் தகுதியை மட்டுமல்லாமல் அதற்கு முந்தைய படிப்புகளையும் தமிழ்வழியிலேயே படித்திருக்க வேண்டும். பன்னிரண்டு வரை தமிழில் படித்துவிட்டு, மதிப்புக்காக ஆங்கிலவழி பி.ஏ.வோ பி.எஸ்சி.யோ எடுப்பவர், பட்டப்படிப்பைத் தகுதியாகக் கேட்கும் பணிகளில் அந்த முன்னுரிமையை இழக்கிறார். பத்தாம் வகுப்பைத் தகுதியாகக் கொண்ட குரூப் 4 பணிகளுக்கு மட்டும் பள்ளிப் படிப்பு போதும். டி.என்.பி.எஸ்.சி. கனவோடு போடியிலும் தேவாரத்திலும் இருந்து வருகிற பிள்ளைகளுக்கு இது சின்ன விஷயமல்ல. மூன்று ஆண்டு கழித்துத் தெரிந்து என்ன பயன்?

ஆங்கிலவழியைத்தான் எடுக்கப்போகிறோம் என்றால் அதற்கும் தடையில்லை. அது தெரிந்து எடுத்த முடிவாக இருக்க வேண்டும்.

"பிசிக்ஸ் எடுத்தா பி.எட். முடிச்சு வாத்தியார் ஆகலாம், வேற என்ன?"

ஆசிரியர் வேலை தாழ்ந்ததல்ல. அது ஒன்றுதான் என்று சொல்வதுதான் தவறு. உலக இயற்பியல் வரைபடத்தில் பொட்டிபுரத்தின் பெயர் எழுதப்பட்ட மாவட்டத்தில் இப்படி ஒரு நம்பிக்கை வலுவாக இருப்பது வருத்தமாக இருக்கிறது.

அந்த ஆய்வகத்துக்காகத் திட்டமிட்டது 50,000 டன் எடையுள்ள, காந்தமேற்றிய இரும்புக் கருவி. இரும்புத் தகடுகளுக்கு இடையே, ஏறத்தாழ 2 மீட்டருக்கு 2 மீட்டர் அளவுள்ள உணர்பலகைகள் சுமார் 30,000. அவற்றிலிருந்து வரும் மின்குறிப்புகளைப் படிக்க 30 லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னணு வழிகள். இதை இயற்பியலாளர் மட்டும் கட்டிவிட முடியாது. காந்தத்துக்கு மின்பொறியாளர், குறிப்பைப் படிக்க மின்னணுவியலாளர், சுரங்கத்துக்கு நிலவியலும் கட்டுமானமும் தெரிந்தவர், வந்து குவியும் தரவுக்குக் கணினி ஆள் என்று எல்லோரும் வேண்டும். கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்காமல் இ.சி.இ.யோ மெக்கானிக்கலோ கிடைத்தது என்று முதலாண்டு முழுக்க வாடிப்போகிற பிள்ளைகளுக்கு இந்தப் பட்டியலை யாராவது காட்ட வேண்டும்.

மலை குடையப்படவில்லை. ஆனால் படிப்பு நிற்கவில்லை. இத்திட்டத்துக்கான ஆராய்ச்சிப் பயிற்சி 2008இலேயே மும்பை டாடா அடிப்படை ஆய்வு நிறுவனத்தில் தொடங்கிவிட்டது. அதில் பயின்றவர்கள் முனைவர் பட்டம் பெற்றார்கள். மதுரையில் 85 டன் எடையில் சிறிய மாதிரிக் கருவி ஒன்றைக் கட்டி, வானிலிருந்து வரும் மியூவான் துகள்களை அளந்தார்கள். போடியிலிருந்து மதுரை 90 கிலோமீட்டர். அகலப்பாதைப் பணிக்காக 2010 கடைசியில் நின்ற ரயிலும் 2023 ஜூனில் போடிக்கே திரும்பிவிட்டது. இந்த ஆராய்ச்சிக்கு முன்னோடி இன்னும் பழையது. கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில், வளிமண்டலத்தில் உருவாகும் நியூட்ரினோக்களின் தடத்தை 1965இல் கண்டார்கள். அந்தச் சுரங்கத்தில் இறங்கி உழைத்தவர்களில் தமிழ்க் குடும்பத்தினர் ஏராளம்.

முதலாண்டு மாணவர் இப்போதே செய்யக்கூடியவை என்ன? ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர்வதற்கான ஜாம் தேர்வு எந்தக் கல்லூரியில் படித்தாய் என்று கேட்பதில்லை. இளநிலைப் பட்டமும் மதிப்பெண்ணும்தான் கணக்கு. அதற்கு விண்ணப்பிப்பது மூன்றாமாண்டின் செப்டம்பர், அக்டோபரில். ஆனால் கேள்வி வருவதோ முதலாண்டு இயந்திரவியலிலும் கணிதத்திலும் இருந்து. மும்பை ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் 2004 முதல் நடத்திவரும் இளநிலை அறிவியல் முனைப்புத் திட்டம் பட்டப்படிப்பின் தொடக்க ஆண்டுகளில் இருப்பவர்களைத்தான் தேடுகிறது. பன்னிரண்டாம் வகுப்பில் தங்கள் வாரியத்தின் முதல் ஒரு சதவீதத்துக்குள் வந்து, அடிப்படை அறிவியல் எடுத்தவர்களுக்கு மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகை ஆண்டுக்கு 80,000 ரூபாய் வரை கிடைக்கும். அதற்கு விண்ணப்பிக்கும் காலம் முதலாண்டுதான். இரண்டாமாண்டில் கேள்விப்பட்டு வருகிறவருக்கு வாசல் மூடியிருக்கும்.

"உதவித்தொகை தானா வந்துரும்"

வராது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்து உயர்கல்விக்கு வந்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும், ஆண்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டிலும் தொடங்கின. இரண்டுக்கும் கல்லூரி வழியாகத்தான் பதிய வேண்டும். ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு வேண்டும். வேறு உதவித்தொகை வாங்குகிறோமே, இது கிடைக்காது என்று விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். வேறு உதவித்தொகை வாங்குவது புதுமைப் பெண்ணுக்குத் தடையல்ல.

முதல் பட்டதாரிச் சலுகை வேறு. ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் தொழிற்படிப்புக்குச் சேர்ந்தவர்களுக்கானது அது. ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான். அக்கா ஏற்கெனவே வாங்கியிருந்தால் தம்பிக்கு இல்லை. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்ந்தவரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. இப்படி ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு நிபந்தனை. தோட்டத்திலிருந்து பொழுது சாய்ந்து திரும்பும் தகப்பனாரிடம் இ-சேவை மையத்துக்குப் போய் வருமானச் சான்றும் முதல் பட்டதாரிச் சான்றும் வாங்கச் சொன்னால் அவருக்கு ஒரு நாள் கூலி போகும். என்னென்ன தாள் வேண்டும் என்று டியூட்டர் ஒரே தடவையில் எழுதிக் கொடுத்துவிட்டால் அந்த ஒரு நாளோடு முடியும். எழுதிக் கொடுக்காவிட்டால் மூன்று நாள்.

"சர்டிபிகேட் காலேஜ்ல இருக்கு, இனி மாற முடியாது"

தவறான பாடத்தில் சேர்ந்துவிட்டோம் என்று முதல் மாதத்திலேயே தெரிந்தும், அசல் சான்றிதழ்கள் கல்லூரி பீரோவில் இருப்பதால் வாய் திறக்காமல் மூன்று, நான்கு ஆண்டுகளை ஓட்டுகிறவர்கள் உண்டு. பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் வெளியிட்ட அறிவிப்பு இதில் தெளிவாகவே பேசுகிறது. சேர்க்கையின்போது அசலைச் சரிபார்த்துவிட்டு அப்போதே திருப்பித் தர வேண்டும். நிறுவனம் அதைப் பிடித்துவைக்கக் கூடாது.

கட்டணத்தைத் திருப்பித் தருவதற்கும் அதே அறிவிப்பு படிநிலைகள் வகுத்திருக்கிறது. சேர்க்கைக்கான கடைசி நாளுக்கு 15 நாள் முன்பே விலகினால், சிறு பிடித்தம் போக முழுத் தொகையும் திரும்பும். அதற்குப் பிறகு, ஆனால் கடைசி நாளுக்குள் விலகினால் 90 சதவீதம். கடைசி நாள் கடந்து 15 நாளுக்குள் என்றால் 80. அடுத்த 15 நாளில் 50. முப்பது நாள் கடந்துவிட்டால் எதுவும் திரும்பாது. ஆகவே இந்தப் பேச்சை டியூட்டரிடம் எடுக்க வேண்டியது முதல் செமஸ்டர் ரிசல்ட் வந்த பிறகு அல்ல. வகுப்பு தொடங்கிய முதல் இரண்டு வாரங்களில், கடைசித் தேதி எது என்று அலுவலகத்தில் கேட்டு எழுதிக்கொண்டு, பெற்றோரில் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போய்ப் பேச வேண்டும்.